வியாழனுக்கும் வெள்ளிக்கும் நடுவில் விடாத இடம்

அளவற்ற அருளாளனின் திருப்பெயரை முன்னே வைத்து, என் நாவைப் பின்னே விடுகின்றேன்.

கற்பிட்டிக் கோட்டை மதிலைப் போலக் காற்றுக்கும் கதைக்கும் அசையாமல் கதிரையில் வீற்றிருக்கும் எங்கள் சங்கத் தலைவர் நெய்னார் ஹாஜியார் அவர்களே; வெள்ளிதோறும் எங்கள் உள்ளத்து உவர்ப்பை உறிஞ்சி எடுக்கும் மௌலவி அவர்களே; ஞாயிறுதோறும் அதே வேலையை அடுத்த வீதியில் செய்து முடிக்கும் பங்குத்தந்தை அவர்களே; கயிறு பிடித்துக் காய்த்த கரங்களுக்கும் கடல் பார்த்துச் சிவந்த கண்களுக்கும் சொந்தக்காரரான வலை முதலாளிகளே, சம்மாட்டிப் பெருமக்களே; வலப்பக்கக் கூடாரத்தின் கீழே குடும்பம் குடும்பமாகக் கூடியிருக்கும் தாய்மார்களே, உம்மாமார்களே, ராத்தாமார்களே; குறிஞ்சிப்பிட்டியிலிருந்து வெங்காயப் பாத்திக்குப் பாதித் தண்ணீர் பாய்ச்சிவிட்டு ஓடி வந்திருக்கும் விருந்தினர்களே; உங்கள் அனைவர் மீதும் சாந்தியும் சமாதானமும் உண்டாகட்டும். அனைவருக்கும் என் வணக்கமும் உரித்தாகட்டும்.

தலைவர் அவர்கள் எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கின்றார்கள். பத்து நிமிடத்தில் நான் தொண்டையைக் கனைத்து முடித்ததாகச் சரித்திரம் இல்லை. இருந்தாலும் முயற்சி செய்கின்றேன்.

இந்தச் சிப்பித்திடல் கரையில் என்னைத் தெரியாதவர் இருக்க முடியாது. ஆனாலும் புதிதாகக் கல்யாணம் முடித்து வந்த மருமக்கள் சிலர் முன்வரிசையில் முழிக்கின்றார்கள், அவர்களுக்காகச் சொல்லுகின்றேன். பெயர் மஸாஹிர். நானும் ஒரு வலைக்குச் சம்மாட்டி; இந்தக் கரைவலைச் சங்கத்தின் பதினோராண்டுச் செயலாளர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பிரியாவிடை கொடுத்தவன். நான் போன துயரம் தாங்காமல் அந்தப் பள்ளிக்கூடமே இரண்டு வருடம் மூடிக் கிடந்தது. சண்டையால் மூடினார்கள் என்று சிலர் சொல்லுவார்கள். அது அவர்களுடைய கருத்து.

சிரித்தது போதும். இனிச் சிரிப்புக்குரிய விடயம் அல்ல.

இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவதாக நிற்பது என்ன? பத்திநாதர் சம்மாட்டிக்கு அடுத்த பருவம் முழுவதும் பாடு இல்லை என்ற தீர்மானம். பாடு என்றால் இந்தக் கரையில் வலை இறக்குகின்ற உரிமை. பாடு போனால் அவருடைய வலை கரையில் கிடந்து காயும். அவருடைய கயிற்றைப் பிடிக்கின்ற பதினெட்டுப் பேரின் அடுப்பும் அதோடு காயும். அந்தத் தீர்மானத்தை எழுதியவர் யார்? தட்டச்சு அடித்தவர் யார்? அடியில் கையெழுத்து வைத்தவர் யார்? அடியேன்தான். எழுதிய அதே கையை உயர்த்திக்கொண்டு, அதைத் தோற்கடியுங்கள் என்று கேட்பதற்காக இந்த மேடையில் ஏறியிருக்கின்றேன்.

என்ன, பின்னால் முணுமுணுப்பு? ‘செயலாளருக்கு வெயில் பட்டுவிட்டதா’ என்று கேட்கின்றீர்கள். பட்டதுதான். எந்த வெயில் என்று சொல்லுகின்றேன், கேளுங்கள்.

கரை ஒன்று; வலை எட்டு. எட்டு வலையும் ஒரே நாளில் இறங்கினால் மீனுக்குப் பதிலாக நாங்கள்தான் ஒருவர் மடியில் ஒருவர் அகப்படுவோம். ஆகவே ஒரு நாளைக்கு ஒரு சம்மாட்டி என்று முறை வைத்தோம். ஐப்பசியில் கடல் அடங்கியதிலிருந்து தென்மேற்கில் கச்சான் காற்று எழும்பும் வரைக்கும் அந்த முறை தவறாது. வன்னியிலிருந்து பத்திநாதரும் மற்ற இரண்டு சம்மாட்டிமாரும் சண்டைக்குள்ளிருந்து பிள்ளை குட்டிகளோடு வந்து சேர்ந்தபோது, அந்த முறைக்குள் நாங்கள் இன்னொரு முறையையும் பின்னினோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ. அன்றைய பாடு கிறிஸ்தவச் சம்மாட்டிக்கு. ஞாயிற்றுக்கிழமை பூசை. அன்றைய பாடு முஸ்லிம் சம்மாட்டிக்கு. எங்கள் தொழுகை நாளில் நீங்கள் இறங்குங்கள், உங்கள் பூசை நாளில் நாங்கள் இறங்குகின்றோம். இப்படி ஒரு ஒப்பந்தத்தை எந்தச் சட்டத்தரணியாவது எழுதியிருப்பாரா? எந்த மந்திரியாவது நினைத்திருப்பாரா? சண்டை முடிந்து, வந்தவர்களில் பாதிப்பேர் திரும்பிப் போன பின்னும், இங்கே தங்கிவிட்டவர்களோடு அந்த ஒப்பந்தமும் தங்கியது. அதைப் பற்றி என்னிடம் ஐரோப்பாவில் இருந்து ஐந்து பேர் வந்து விசாரித்தார்கள். சரி, இரண்டு பேர். பட்டம் கட்டிக் கடலில் சறுக்குவதற்கு வந்தவர்கள், வழி கேட்டார்கள். போகிற போக்கில் நான் சொல்லி அனுப்பினேன்.

நான் செயலாளரான பிறகு, அந்த ஒப்பந்தத்துக்குக் காவலாக ஒரு கடும் சட்டமும் வைத்தோம். மற்றவருடைய நாளில் வலை இறக்கினால், அடுத்த பருவம் முழுவதும் பாடு இல்லை. அதையும் நான்தான் எழுதினேன்.

இந்த வருடம் நோன்பும் கிறிஸ்தவர்களின் தவக்காலமும் தோளோடு தோள் சேர்ந்து வந்தன. நோன்பின் நடுப்பகுதி, ஒரு வியாழக்கிழமை. விடியற்காலை ஸுபஹ் தொழுதுவிட்டு, வெறும் வயிற்றோடு, தன்னுடைய ஆட்களையும் அழைத்துக்கொண்டு கரைக்கு வருகின்றார் ஹமீட் சம்மாட்டி. வியாழன் அவருடைய நாள். வந்து பார்த்தால், கடலுக்குள்ளே வலை கிடக்கின்றது. யாருடைய வலை? பத்திநாதருடைய வலை. ஹமீட் காக்கா இதோ முன்வரிசையில்தான் இருக்கின்றார்; நான் ஒரு சொல் கூட்டினால் எழும்பி வந்து என் காதைப் பிடிப்பார். ஆகவே கூட்டாமல் சொல்லுகின்றேன்.

“இது யாருட நாளு?”

“என்ர நாள் அண்ணை.”

“ஒங்கட நாளு நாளைக்கு. வெள்ளி எப்பவும் ஒங்கட ஆக்களுக்குத்தானே. தொட்டில்ல கிடக்கிற புள்ளைக்கும் தெரியும்.”

“இல்லை அண்ணை, இந்தக் கிழமை மாத்திப் போட்டிருக்கு. போனில பாருங்கோ.”

“நான் நோன்போட வந்து நிக்கிறன். நீங்க எனக்குப் போனக் காட்டுறீங்க.”

அதற்கிடையில் கயிறு கரைக்கு வருகின்றது, வலைப் பையான மடியும் வருகின்றது. மடி நிறையப் பாரை. இந்தப் பருவத்தில் எவர் கண்ணும் காணாத பாரை. ஒவ்வொன்றும் என் கை நீளம். சில மீன்கள் ஹாஜியாரின் உயரம். பத்திநாதர் சொன்னார்: “அண்ணை, பிழையெண்டா முழுக்கக் கொண்டு போங்கோ.” ஹமீட் காக்கா என்ன சொன்னார்? “அடுத்தவன்ட வலையில வந்த மீன் என்ட ஊட்டு வாசல் மிதிக்காது.” சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

யாரது குரல்? ஆ, ஹமீட் காக்காவின் மனைவி மைமூனா ராத்தா. என்ன சொல்லுகின்றார்கள் என்று பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காது. நான் எடுத்துச் சொல்லுகின்றேன். “அண்டைக்கு எங்கட ஊட்ல நோன்பு தொறக்க வெறும் பருப்பு” என்று சொல்லுகின்றார்கள். ராத்தா, அந்தப் பருப்பை மறக்கச் சொல்லி நான் வரவில்லை. உங்கள் கணவர் இழந்தது இழந்ததுதான். அதற்கும் நான் பதில் வைத்திருக்கின்றேன். கொஞ்சம் பொறுங்கள்.

மறுநாளே முறைப்பாடு வந்தது. கூட்டம் கூடினோம். மாற்றம் எதுவும் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் மாற்றம் செய்கின்றவன் நான். ஆகவே பத்திநாதர் பொய் சொல்லுகின்றார் என்று முடிவு கட்டினோம். அவரைக் கூப்பிட்டுக் கேட்டோமா? கேட்கவில்லை. கடிதம் தயார். அவர் வாங்கியதற்குக் கையெழுத்து வேண்டுமே என்று நானே எடுத்துக்கொண்டு போனேன், அவருடைய வீட்டுக்கு.

போனால், தவமலர் அக்கா, அவருடைய மனைவி, எனக்குக் கதிரை எடுத்துப் போட்டார். உயிர்த்த ஞாயிறுக்குச் சுட்ட பலகாரமும் கொண்டுவந்து வைத்தார். பாடு பறிக்க வந்தவனுக்குப் பலகாரம். நோன்பு என்று சொல்லி ஒதுக்கினேன். “அப்ப கட்டித் தாறன், பின்னேரம் திறக்கேக்க சாப்பிடுங்கோ” என்று பொட்டலம் கட்டினார். அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு கடிதத்தை நீட்டினேன். அந்தக் கணத்தின் கனத்தை எந்தத் தராசில் நிறுப்பது?

பத்திநாதர் கடிதத்தை மெதுவாக வாசித்தார். “செயலாளர், இதில ‘வேண்டுமெண்டே’ எண்டு போட்டிருக்கிறியள். நான் வேணுமெண்டு செய்யேல்லை.”

“பின்ன ஏன் வியாழன் எறக்கினீங்க? வெள்ளி ஒங்களுக்கெண்டு தெரியாதா?”

“தெரியும். ஆனா அந்த வெள்ளி பெரிய வெள்ளி. யேசு சிலுவையில மரிச்ச நாள். எங்கட ஆக்கள் அண்டைக்குக் கடலில கால் வைக்காயினம். லிஸ்டில வியாழனுக்கு நேரே என்ர பேர் கிடந்தது. சங்கம் அதை யோசிச்சு, என்னை ஒரு நாள் முன்னுக்குப் போட்டிருக்கெண்டு நினைச்சன்.”

தவமலர் அக்கா கதவடியில் நின்று சொன்னார்: “அண்டைக்குப் பின்னேரம் கோயிலில உங்கட சங்கத்துக்கெண்டு ஒரு மெழுகுதிரி கொளுத்தினவர். ‘பாத்தியே, எங்கட நாளையும் நினைச்சிருக்கினம்’ எண்டு எனக்கும் சொன்னவர்.”

சபையோரே, எனக்குப் பட்ட வெயில் இதுதான். அந்த வீட்டின் கூரைக்குக் கீழேதான் பட்டது.

பெரிய வெள்ளி என்ற ஒன்று அந்தக் கிழமையில் வருகின்றது என்று நாங்கள் எவராவது நினைத்தோமா? தலைவர் நினைத்தாரா? நான் நினைத்தேனா? ஒருவரும் நினைக்கவில்லை. நாங்கள் நினைக்காத நன்மைக்கு அவர் நன்றி சொல்லியிருக்கின்றார். செய்யாத தயவுக்கு மெழுகுதிரி எரிந்திருக்கின்றது.

சரி, அவர் சொன்னது உண்மைதானா? மஸாஹிர் இலேசில் நம்புகின்ற ஆள் இல்லை. “போனைக் காட்டுங்க” என்றேன். காட்டினார். நம்முடைய இணையத்தளம். கொழும்பிலுள்ள பெரிய பெரிய சங்கங்கள் கூடத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த காலத்தில், நாங்கள் ஆரம்பித்த இணையத்தளம். இடப்பக்கம் நாள், வலப்பக்கம் பெயர், நடுவிலே வெறும் வெள்ளை. ‘வியாழன்’ என்ற சொல்லில் என் விரலை வைத்தேன். மெல்ல மெல்ல வலப்பக்கம் நகர்த்தினேன். வள்ளம் நேராகப் போவதாகத்தான் வலிக்கின்றவனுக்குத் தெரியும். நீரோட்டம் இழுத்துவிட்டதைக் கரை வந்த பிறகுதான் காண்பான். என் விரல் போய் ஏறிய பெயர் என்ன? பத்திநாதர்.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் நகர்த்தினேன். மறுபடியும் பத்திநாதர். மூன்றாம் தடவை ஒரு ஈர்க்கை எடுத்து வரியின் அடியில் வைத்துப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது: வியாழனுக்கு நேரே ஹமீட், பத்திநாதர் அதற்கு அடுத்த வரி. வரியும் வரியும் ஐஸ் பெட்டியில் அடுக்கிய சூடை மீனைப் போல ஒன்றின் முதுகில் ஒன்று ஒட்டிக் கிடந்தன. மேல்வரியின் கால் கீழ்வரியின் தலையில். கீழ்வரியின் கொம்பு மேல்வரியின் வயிற்றில். அதற்குள்ளே எவருடைய கண் வழுக்காது?

அப்படியானால் வெள்ளிக்கு நேரே யார் என்று அவர் பார்க்கவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். “பெரிய வெள்ளிக்கு ஆர் இறங்கினா எனக்கென்ன அண்ணை” என்றார்.

அன்று பின்னேரமே நான் கரைக்குப் போய் நூறு பேரிடம் அந்தப் பட்டியலைக் காட்டி, “வியாழன் யாருக்கு?” என்று கேட்டேன். என்ன ஹாஜியார் சிரிக்கின்றீர்கள்? சரி, பன்னிரண்டு பேர். பன்னிரண்டில் ஏழு பேர் பத்திநாதர் என்றார்கள். ஒருவர் ஞாயிற்றுக்கிழமை என்றார். அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இப்போது ஒரு தொழில்நுட்பம் சொல்லப் போகின்றேன். பயப்படாதீர்கள், எனக்கு விளங்கியது உங்களுக்கு விளங்காமல் போகாது. நம்முடைய தளத்தைக் கட்டியவள் என் தங்கையின் மகள் மர்ஷூதா. அதோ, கூடாரத்தின் ஓரத்தில் மடிக்கணினியோடு இருக்கின்றாள். புத்தளத்தில் இரண்டு வருடம் படித்தாள். நான்தான் கற்றுக் கொடுத்தேன் என்று சொல்லமாட்டேன். அவள் கற்கும்போது பக்கத்தில் இருந்து தேத்தண்ணீர் குடித்தேன். அதற்கும் ஒரு பொறுமை வேண்டும்.

அவளிடம் ஓடினேன். “புள்ள, இந்த வரிகளைப் பிரிக்கிறதுக்கு மருந்து ஈக்குதா?”

“ஒரு சொல்லு போதும் மாமா.”

ஒரு சொல். கவனியுங்கள். இணையப் பக்கத்தில் ஒவ்வொரு எழுத்துப் பெட்டிக்கும் சின்னச் சின்னச் சொற்களைச் சட்டைக்குப் பொத்தான் பூட்டுவது போலப் பூட்டி விடுவார்களாம். ஒவ்வொரு சொல்லும் ஒரேயொரு வேலைதான் செய்யும். ஒன்று நிறம் கொடுக்கும். ஒன்று பருமன் கொடுக்கும். ஒன்று வரிக்கும் வரிக்கும் இடையில் எவ்வளவு இடம் என்று சொல்லும். அந்தக் கடைசிச் சொல்லுக்குப் பெயர் லெடிங். லெட் என்றால் ஆங்கிலத்தில் ஈயம். அந்தக் காலத்து அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்த வரிகளுக்கு நடுவே ஈயத் தகடு வைப்பார்களாம். அதிலிருந்து வந்த பெயர். இதைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம்முடைய வலையின் அடிக்கயிற்றில் நாம் என்ன கட்டுகின்றோம்? ஈயம். ஈயம் இல்லாவிட்டால் வலை நிமிர்ந்து நிற்காது, சுருண்டு ஒட்டிக்கொள்ளும். எழுத்துக்கும் அதே கதைதான்.

அந்த லெடிங்கில் ஆறு தரம் உண்டு. நன் என்றால் இடமே இல்லை. டைட் என்றால் இறுக்கம். ஸ்னக் என்றால் அணைப்பு. நோர்மல் என்றால் நடுத்தரம். ரிலாக்ஸ்ட் என்றால் ஆறுதல். லூஸ் என்றால் தாராளம். இந்த ஆறில் நம்முடைய பட்டியலுக்குப் பூட்டியிருந்தது எது தெரியுமா? நன். தலைக்கு மேல் கொம்பும் காலுக்குக் கீழ் சுழியும் வைத்திருக்கின்ற நம் தமிழ் எழுத்துக்கு, ஒரு நூல் இடம் கூட இல்லாத நன்.

மர்ஷூதா என் கண் முன்னால் திருத்தினாள். பட்டியலைச் சுற்றியிருக்கின்ற வெளிப்பெட்டிக்கு ரிலாக்ஸ்ட் என்று எழுதினாள். திரையில் ஏதும் நடந்ததா? இல்லை. அப்படியே கிடந்தது.

“ஏன் புள்ள, கம்பியூட்டருக்கும் காது கேக்காதா?”

“வெளிய இருக்கிற பெட்டிக்குச் சொன்னேன் மாமா. உள்ளுக்கு ஒவ்வொரு வரியும் தன்ட மேல ‘நன்’ எண்டு பூட்டி வச்சிருக்கு. அத வரியிலதான் கழட்டணும்.”

“அத மட்டும் கழட்டினாப் போதுமா?”

“போதாது. எழுத்துட பருமனுக்குப் பூட்டின சொல்லும் தனக்கெண்டு ஒரு இடைவெளியக் கொண்டு வரும். வெளிய எவ்வளவு சத்தம் போட்டாலும் உள்ளுக்குக் கேக்காது. வரிட்டையே நேரா சொல்லணும்.”

வரியிடமே சொன்னாள். நன்னைக் கழற்றி ரிலாக்ஸ்டைப் பூட்டினாள். சபையோரே, இருட்டிக் கிடந்த இறால் வாடிக் கொட்டகையில் விளக்குப் போட்டது போல இருந்தது. வியாழன் தன் வழியே நடந்து ஹமீடிடம் போனது. வெள்ளி தன் வழியே நடந்து பத்திநாதரிடம் போனது. “இன்னும் கொஞ்சம் பிரி புள்ள, லூஸ் போடு” என்றேன். போட்டாள். அது கூடிப் போயிற்று. நாள்களெல்லாம் கோபித்துக்கொண்ட சகோதரர்கள் போல ஆளுக்கொரு மூலையில் நின்றன. மறுபடி ரிலாக்ஸ்டுக்கே வந்தோம். அதே பன்னிரண்டு பேரிடம் காட்டினேன். பன்னிரண்டு பேரும் ஹமீட் என்றார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்காரரும் சொன்னார்.

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை எனக்குள் முள்ளாகத் தைத்தது. வெளியே சொன்னால் உள்ளே கேட்காது, வரியிடமே நேராகச் சொல்ல வேண்டும். நாங்கள் என்ன செய்தோம்? கூட்டத்தில் பேசினோம். ஏட்டில் எழுதினோம். கடிதத்தில் அடித்தோம். அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து, “பத்திநாதர், ஏன் இறக்கினீர்கள்?” என்று கேட்க ஐந்து நிமிடம் எங்களில் எவருக்கு இருந்தது? இருபத்தைந்து வருடம் ஒரே கரையில் கயிறு இழுத்த மனிதரிடம் கேட்க ஐந்து நிமிடம் இல்லையா? வெள்ளிக்கு வெள்ளி எங்களுக்காக இறங்கிய மனிதரிடம் கேட்க ஒரு வாய் இல்லையா?

என்ன றொபின்சன் தம்பி, ஏதோ கேட்கின்றீர். சத்தமாகக் கேளும். “அப்ப அந்த நன்னைப் போட்டது மர்ஷூதாவோ?” என்று கேட்கின்றார்.

நல்ல கேள்வி. நீர் கேட்காவிட்டால் நானே கேட்டிருப்பேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில், கேட்காமல் விட்டால் நல்லது என்று இவ்வளவு நேரமும் பேசிக்கொண்டிருந்தேன்.

மர்ஷூதா முதலில் போட்டது ரிலாக்ஸ்ட். ஐப்பசியில் தளத்தைத் திறப்பதற்கு முதல்நாள் எனக்குக் காட்டினாள். பட்டியல் பாதியோடு நின்றது. மீதியைப் பார்க்க விரலால் மேலே தள்ள வேண்டியிருந்தது. “சம்மாட்டிமார் ஈரக் கையோட தள்ளிக்கொண்டு நிப்பாங்களா? எல்லாம் ஒரே பார்வையில தெரியணும், நெருக்கு” என்றேன்.

“நெருக்கினா வரி முட்டும் மாமா. இங்கிலீசுக்குச் சரி வரும், தமிழுக்குச் சரி வராது. மேல இருக்கிற ஒங்கட போட்டோவக் கொஞ்சம் சின்னதாக்கினா எடம் தாராளமா வரும்.”

“போட்டோவில கை வைக்காத” என்றேன்.

ஓம். நம்முடைய இணையத்தளத்தைத் திறந்தவுடன் திரையின் பாதியை நிறைத்துக்கொண்டு, கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து, செயலாளர் சிரித்துக்கொண்டிருக்கின்றார். நல்ல படம்தான். புத்தளத்தில் அதைப் பார்த்த ஒருவர், எந்த நாட்டுத் தூதுவர் என்று கேட்டார். அந்தப் படத்துக்கு இடம் கொடுப்பதற்காக எட்டுச் சம்மாட்டிமாரின் நாள்களை நான் நசுக்கினேன். சொன்ன பிள்ளை சொன்னது, கேட்காதவன் நான். பத்திநாதருடைய கண்ணில் பிழையில்லை. மர்ஷூதாவுடைய கையில் பிழையில்லை. அந்தக் கடிதத்தில் ‘வேண்டுமென்றே’ என்று ஒரு சொல் கிடக்கின்றதே, அது எவருக்காவது பொருந்துமென்றால், இந்த மேடையில் நிற்கின்றவனுக்குத்தான் பொருந்தும்.

ஏன் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கின்றீர்கள்? மஸாஹிர் பிழையை ஒப்புக்கொண்டு நீங்கள் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. செய்து பார்த்தால் அவ்வளவு கடினமில்லை. காய்ச்சலுக்கு ஊசி போடுவது போல, போடும் வரைக்கும்தான் பயம். படம் நேற்றே இறங்கிவிட்டது.

இனி என் நெஞ்சுக்குள் நிற்பதைச் சொல்லுகின்றேன். ஒரு மனிதன் பிழையாக வாசித்தான். வாசித்த பிழைக்குள்ளே எதைக் கண்டான்? சங்கம் என்னை மறந்துவிட்டது என்று கண்டானா? என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று கண்டானா? முப்பது வருடம் துப்பாக்கிச் சத்தம் கேட்ட நாட்டில், ஊர் விட்டு ஊர் வந்த ஒரு மனிதன், பட்டியலில் ஒரு மாற்றத்தைக் கண்டவுடன் என்ன நினைத்திருக்க வேண்டும்? பறிக்கின்றார்கள் என்றல்லவா நினைத்திருக்க வேண்டும்? அவர் நினைக்கவில்லை. என் நாளை நினைத்திருக்கின்றார்கள் என்று நினைத்தார். என் துக்கத்துக்கு இடம் விட்டிருக்கின்றார்கள் என்று நினைத்தார். நாங்கள் இருந்ததைவிட எங்களை நல்லவர்களாக வாசித்தார். அப்படி வாசித்ததற்கா தண்டனை? அப்படி நம்பியதற்கா பாடு பறிப்பு? அந்த நம்பிக்கைக்கு நாம் அனுப்பப் போகின்ற பதில், நான் அடித்த அந்தக் கடிதமா?

வாசித்தது பிழையாக இருக்கட்டும். நினைத்ததையாவது நாம் உண்மையாக்கக் கூடாதா?

அதற்கு முன்னால் ஒரு நியாயம் பாக்கி. ஹமீட் காக்கா. உங்கள் வியாழன் போனது போனதுதான். இந்தப் பருவம் முடிந்து கச்சானும் எழும்பிவிட்டது. அந்த நாளைத் திருப்பித் தர எவராலும் இயலாது. பத்திநாதரிடம் அதைக் கேட்கவும் இயலாது, அவர் பிழை செய்யவில்லை. பிழை செய்தவன் தரவேண்டும். வரும் ஐப்பசியில் பருவம் திறக்கின்ற முதல் நாள், குலுக்கலில் எனக்கு விழுந்திருக்கின்றது. முதல் நாள் மடி எப்படி வரும் என்று இங்கே இருக்கின்றவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த நாளை, என் வலையை ஒதுக்கிவைத்து, உங்களுக்குத் தருகின்றேன். ஹாஜியார் அவர்களே, ஏட்டில் பதியுங்கள்.

ஹமீட் காக்கா எழும்புகின்றார். வழி விடுங்கள். ஒலிவாங்கி வேண்டுமா? வேண்டாமாம். அவர் சொல்லுவதை நான் திருப்பிச் சொல்லுகின்றேன். பின்னால் இருப்பவர்களும் கேட்க வேண்டும்.

“ஒங்கட நாளு எனக்கு வேணாம் மச்சான்” என்கின்றார். “நீங்க வலை எறக்குற லெச்சணத்துக்கு ஒங்களுக்கு முதல் நாளாவது வேணும்” என்கின்றார். சிரியுங்கள், சிரியுங்கள்; என் செலவில் சிரிப்பதற்கு இன்று தடையில்லை.

மேலும் ஏதோ சொல்லுகின்றார். கொஞ்சம் அமைதி.

“நான் அந்த மனுசன்ட மொகத்தப் பார்த்துக் கேக்கல்ல. நோன்போட இருந்தேன், கோவத்தில இருந்தேன்” என்கின்றார். “வார வருசம் பெரிய வெள்ளிக் கெழமையில, வியாழன அவருக்கே எழுதுங்க. எனக்குச் சனி போதும்.”

ஹமீட் காக்கா, இதற்கு மேல் எனக்குப் பேச என்ன மீதி வைத்தீர்கள்?

பத்திநாதர் அண்ணன் எழும்பி நிற்கின்றார். முகத்தைத் துடைக்கின்றார். விடுங்கள், அவரிடம் ஒலிவாங்கியை நீட்டாதீர்கள்.

தலைவர் அவர்களே, ஐந்தாவது விடயத்தை வாக்குக்கு விடுங்கள். பத்திநாதர் சம்மாட்டியின் பாட்டை நிறுத்தும் தீர்மானத்துக்கு ஆதரவானவர்கள் கையை உயர்த்தலாம். ஒருவர்? ஒருவருமில்லை. தோற்கடிப்பதற்கு ஆதரவானவர்கள்? சம்மாட்டிமார் மட்டும்தான் உயர்த்த வேண்டும், ராத்தாமாரே. வாக்கில்லாத கைகளும் மேலே நிற்கின்றன. நிற்கட்டும் ஹாஜியார், இறக்கச் சொல்லாதீர்கள்.

தீர்மானம் தோற்றது. மர்ஷூதா, அடுத்த வருடப் பட்டியலை இப்போதே திற, புள்ள. பெரிய வெள்ளிக்கு முதல்நாள், வியாழன்: பத்திநாதர். சனி: ஹமீட். வெள்ளிக்கு நேரே ஒருவர் பெயரும் எழுதாதே. அன்றைக்குக் கரை சும்மா கிடக்கட்டும்.

இவ்வளவு நேரம் என்னைச் சகித்த தலைவருக்கும், எதிர்த்துக் கேட்ட றொபின்சனுக்கும், திருத்தித் தந்த மர்ஷூதாவுக்கும், பொறுத்திருந்த தாய்மாருக்கும், கை உயர்த்திய ஒவ்வொரு சம்மாட்டிக்கும் நன்றி சொல்லி அமர்கின்றேன். உங்கள் வலைகள் நிறையட்டும்; உங்கள் வாசல்கள் சண்டையின்றி இருக்கட்டும். அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம்.